மணி அடிக்காத பந்தி

ஆவுடையப்பனுக்கு அறுபத்து மூன்று வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தொன்று.

இதைச் சொல்லி ஊரில் சிலர் சிரித்தார்கள். ஆவுடையப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்தெட்டு வருடம் கல்யாண வீடுகளில் தவசிப்பிள்ளையாக, அதாவது தலைமைச் சமையல்காரராக, நின்றவர் அவர். ஆயிரம் இலைச் சாம்பாருக்கு நாக்கில் விட்டுப் பார்க்காமலே உப்புப் போடுவார். யார் என்ன சொன்னாலும் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பது அவருக்குப் பழகிப்போன ஒன்று.

அந்தக் குரு வடிவம்மை. அவருடைய மடம் குளத்தங்கரையில் இருந்தது. ஓடு வேய்ந்த ஒரு கூடம், அதை ஒட்டி ஒரு சமையலறை, வாசலில் ஒரு வெண்கல மணி. மடம் என்பது அவ்வளவுதான். எதிரே சாலையைத் தாண்டினால் செங்கல் சூளைகள். அங்கே கல் அறுக்கிற குடும்பங்கள் மத்தியானம் மடத்துக்கு வந்து கஞ்சி குடித்துப் போகும்.

ஒரு நாள் ஆவுடையப்பன் தோளில் ஒரு பையும் கையில் தம்முடைய நீளக் கரண்டியுமாக அங்கே வந்து நின்றார்.

“உபதேசம் வேணும்மா.”

வடிவம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து முதலில் கரண்டியைப் பார்த்தார்.

“சமைப்பீங்களா, அண்ணாச்சி?”

“அது ஒண்ணுதாம்மா தெரியும்.”

“அப்போ சமைங்க. இங்க வர்ற எல்லாரும் ஒரு நாள் பசியாறட்டும். அன்னைக்குச் சொல்லுதேன் உபதேசம்.”

“எத்தனை பேர் வருவாக?”

“நூத்தி நாப்பது இருக்கும்.”

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூற்று நாற்பது இலை அவருக்கு ஒரு சின்ன வளைகாப்பு. நாளைக்குச் சாயங்காலமே உபதேசம் வாங்கிவிடலாம் என்று பையை இறக்கி வைத்தார்.

மறுநாள் அரிசியும் பாசிப்பயறும் முருங்கைக்கீரையும் போட்டுக் கஞ்சி காய்ச்சினார். அதன் மணம் சாலையைக் கடந்து சூளை வரைக்கும் போனது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வெண்கல மணியை மூன்று தரம் அடித்தார். எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரியவருக்கு இரண்டு கரண்டி, சிறுவருக்கு ஒரு கரண்டி. பந்தி முடிந்ததும் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தார். அடுப்பில் தண்ணீர் தெளித்து மெழுகினார்.

மெழுகிய அடுப்பை அன்றைக்கு மறுபடி ஏற்றமாட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமனே பிந்தி வந்து நின்றாலும் ஏற்றியதில்லை. அது அவருடைய தொழில் சுத்தம்.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்து குருவின் முன் நின்றார்.

“எல்லாரும் சாப்பிட்டாச்சும்மா.”

“இன்னும் இல்லை, அண்ணாச்சி.”

யார் விட்டுப்போனார்கள் என்று அவர் யோசித்தார். சூளைக் காவல்காரராக இருக்கும் என்று தோன்றியது. மறுநாள் காவல்காரரைக் கையோடு இழுத்து வந்து உட்கார வைத்தார். மூன்றாம் நாள் மண் ஏற்றி வந்த லாரிக்காரரைக் கூப்பிட்டார். நாலாம் நாள் வாசலில் படுத்திருந்த நாய்க்கும் ஒரு கரண்டி ஊற்றினார்.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வடிவம்மை அதையே சொன்னார்.

“இன்னும் இல்லை, அண்ணாச்சி.”

“யாருன்னாவது சொல்லுங்களேன்.”

“ஆயிரம் இலையில எந்த இலைக்கு அப்பளம் வரலைன்னு நின்ன இடத்துல இருந்தே சொல்லுவீங்களாமே. உங்களுக்குத் தெரியாததா?”

அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை நர்ஸ் வந்தாள். கூடத்து விட்டத்தில் தராசைத் தொங்கவிட்டுச் சூளைப் பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தாள். ஒரு பிள்ளையை மட்டும் இரண்டு தடவை நிறுத்தாள். அந்தப் பிள்ளையின் பெயர் சொர்ணம். வயது பதின்மூன்று மாதம். அம்மா முப்பிடாதி பக்கத்தில் நின்றாள்.

“ஆறு கிலோ எழுநூறு. போன மாசத்துக்கு இருநூறு இறங்கியிருக்கு” என்றாள் நர்ஸ். “காய்ச்சல் இல்லை, வயித்துப்போக்கு இல்லை. சாப்பாடுதான் இறங்கலை. அடுத்த மாசமும் குறைஞ்சா திருநெல்வேலி ஆஸ்பத்திரியில சேர்த்திரணும். இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளக் கூடாது, கேட்டியா?”

முப்பிடாதி தலையாட்டினாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் ஆவுடையப்பனைப் பார்த்ததும் நின்றாள்.

“மூத்தவனும் இப்படித்தான்யா. நோவுன்னு ஒண்ணும் இல்லை. பைய பையக் கரைஞ்சான்.”

அவ்வளவு சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள். தோளுக்கு மேலே சொர்ணத்தின் தலை தெரிந்தது. பெரிய கண்கள். அவை ஆவுடையப்பனையே பார்த்துக்கொண்டு போயின.

எந்த இலைக்கு வரவில்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் பந்தியில் சொர்ணத்துக்கு அவர் தம் கையாலேயே பரிமாறினார். கிண்ணம் நிறையக் கஞ்சி, மேலே உருக்கின நெய். முப்பிடாதி கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள். சொர்ணம் அரைத் தூக்கத்தில் இருந்தாள். உதட்டை இறுக மூடிக்கொண்டாள். இரண்டாவது வாய் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. மூன்றாவது வாய்க்குள் அம்மாவின் தோளில் தூங்கிப்போனாள்.

“பாயசம் வைக்கலைன்னு கோவிச்சிருக்கா, தவசிப்பிள்ளை!” என்றாள் எதிர் வரிசையில் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் கருப்பட்டி போட்டுப் பாயசமே வைத்தார். அதையும் சொர்ணம் துப்பினாள். அதற்கடுத்த நாள் பயறை வறுத்து அரைத்துக் களியாகக் கிண்டினார். அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவர் உபதேசம் கேட்கவில்லை.

“பசிக்கிற பிள்ளை ஏம்மா சாப்பிட மாட்டேங்குது?”

வடிவம்மை அவர் முகத்தைப் பார்த்தார்.

“நாளைக்குச் சொல்லுதேன். காலையில நீங்க ஒண்ணும் சாப்பிட வேண்டாம். மத்தியானம் நானே உங்களுக்குப் பரிமாறுதேன்.”

மறுநாள் பந்தி முடிந்து, அடுப்பை மெழுகிவிட்டு, ஆவுடையப்பன் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தார். நல்ல தூக்கம். திடீரென்று காதருகில் மணி அடித்தது. திடுக்கிட்டு விழித்தார். வெண்கல மணியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வடிவம்மை நின்றார். எதிரே இலை போட்டிருந்தது. இலையில் சோறு ஒரு குன்றாகக் கிடந்தது.

“என்னம்மா இது?”

“காலைக்கு, மத்தியானத்துக்கு, ராத்திரிக்கு. மூணும் சேர்த்து. சாப்பிடுங்க.”

குரு பரிமாறியதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாப்பிட்டார். தூக்கம் கலையாத வாய்க்குச் சோறு வைக்கோல்போல இருந்தது. குன்றில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் கையை எடுத்தார்.

“போதும்மா.”

“இன்னும் ஒரு கை.”

“வயித்துல இடம் இல்லம்மா.”

“உங்க வயித்துலயா?” என்று வடிவம்மை அவருடைய தொந்தியைப் பார்த்தார். பிறகு இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆவுடையப்பனுக்கு மறுபடி பசித்தது. மெல்ல எழுந்து சமையலறைப் பக்கம் போனார். வாசற்படியில் வடிவம்மை உட்கார்ந்து பூக்கட்ட வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார்.

“அடுப்பு மெழுகியாச்சே, அண்ணாச்சி” என்றார்.

அவர் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார். படுத்தபிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பினால் பசி குறையவில்லை.

காலையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் சூளைக்குப் போகும்போது முப்பிடாதியை வழியில் நிறுத்தினார். தம்முடைய கரண்டியை நீட்டி, சொர்ணத்தின் பொத்திய கையை அதன் குழியில் வைத்துப் பார்த்தார். இன்னொரு கையையும் வைத்தார். இரண்டு கையும் வைத்த பிறகும் கரண்டியில் இடம் இருந்தது.

“என்னய்யா அளக்கீக?” என்றாள் முப்பிடாதி.

“பிள்ளை வயிறு அது கைப்பிடி அளவுதான். நான் எவ்வளவு மடையன்னு பார்க்கேன், தாயி.”

அன்றைக்கே கரண்டியை ஆணியில் மாட்டிவிட்டார். கடைக்குப் போய்ச் சின்னக் கிண்ணங்களும் சின்னக் கரண்டிகளும் வாங்கி வந்தார். ஒரே பந்தியில் கொடுப்பதைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆறாகப் பிரித்தார். ஏழு மணிக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று என்று ஆறு முறை மணி அடித்தார். கல்யாண வீட்டு வழக்கம் அது. பந்தி என்றால் மணி உண்டு, மணி அடித்தால் எல்லாரும் வரவேண்டும்.

சூளையில் மணிச் சத்தம் கேட்டதும் பெண்கள் கல் அறுக்கிற அச்சைக் கீழே போட்டு, கையைக் கழுவி, தூளியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து ஓடி வந்தார்கள். முதல் நாள் தூளிப் பிள்ளைகள் ஏழும் வந்தன. மூன்றாம் நாள் நாலு. ஐந்தாம் நாள் சூளை மேஸ்திரி தாமே வந்தார்.

“என்ன வே, சூளையைப் பள்ளிக்கூடம் ஆக்கிட்டீரே! ஒரு கல்லு அச்சை விட்டு இறங்கதுக்குள்ள ஒரு மணி அடிக்கீரு. கடைசி மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போயிரலாமா?”

மேஸ்திரி சொன்னதில் ஆவுடையப்பனுக்கு வருத்தம் இல்லை. சொர்ணம்தான் அவர் மனதில் இருந்தாள். ஏழு மணிக்கு அவள் அப்போதுதான் தாய்ப்பால் குடித்திருந்தாள். ஒன்பது மணிக்கு அழுதுவிட்டுத் தூங்கியிருந்தாள். பதினொன்றுக்குத் தூக்கத்தில் எழுப்பினதால் கத்தினாள். பிற்பகலில் மண்ணை அள்ளிப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தாள். ஆறு கிண்ணங்களில் ஒரு கிண்ணம்தான் ஓரளவுக்குக் காலியானது.

நர்ஸ் வருவதற்கு இன்னும் பதினெட்டு நாட்கள் இருந்தன.

குருவிடம் போனார்.

“ஆறு தடவை அடிச்சுப் பார்த்துட்டேன். ஒரு மணியும் அவளுக்குப் பொருந்தலை. நீங்களே ஒரு நேரம் குறிச்சுக் கொடுங்கம்மா.”

வடிவம்மை எழுந்து வாசலுக்குப் போனார். முக்காலியைப் போட்டு ஏறினார். வெண்கல மணிக்குள் கையை விட்டு, உள்ளே தொங்குகிற இரும்புக் குண்டைக் கழற்றினார். அதை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினார்.

“அம்மா! நாளைக்குப் பந்தி?”

“பெரியவங்களுக்கு வெயில் பார்க்கத் தெரியும். தானா வருவாங்க. நாளைக்குச் சமையல் நான் பார்த்துக்கிடுதேன். நீங்க சூளையில பிள்ளைகளுக்குத் தூளி கட்டியிருக்கிற வாகை மரத்தடியில போய் உட்காருங்க.”

“கிண்ணம் எடுத்துட்டுப் போகட்டா?”

“வேண்டாம். கை சும்மா இருக்கட்டும்.”

“அங்க என்னம்மா செய்ய?”

“உட்காருங்க.”

வாகை மரத்தில் ஏழு தூளிகள் தொங்கின. ஏழாவது, மஞ்சள் பூப்போட்ட நீலச் சேலை. அது சொர்ணத்துடையது. ஆவுடையப்பன் அதன் கீழே துண்டை விரித்து உட்கார்ந்தார்.

கல் அறுக்கிற பெண்களுக்கு ஒரே சிரிப்பு.

“பெரியவருக்கும் ஒரு தூளி கட்டட்டுமா?”

“கிளை தாங்காதுட்டி!”

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அடுப்பு இல்லாத ஒரு காலை நேரம் அவருக்குப் புதிது. என்ன செய்வதென்று தெரியாத கைகள் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தன.

எட்டரை மணி இருக்கும். ஏழாவது தூளி லேசாக அசைந்தது. எட்டிப் பார்த்தார்.

சொர்ணம் விழித்திருந்தாள். அழவில்லை. வலது கையைப் பொத்தி வாய்க்குக் கொண்டுபோனாள். விரல் முட்டியைச் சப்பினாள். அதில் ஒன்றும் இல்லை. தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். திருப்புகிறபோதெல்லாம் வாய் திறந்திருந்தது. எதையோ தேடுகிற வாய். பிறகு தூளிச் சேலையின் ஓரம் கன்னத்தில் பட்டது. அதைக் கவ்விச் சப்பத் தொடங்கினாள். சப், சப் என்று மெல்லிய சத்தம்.

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். முப்பிடாதி நாற்பது அடி தள்ளிக் குனிந்திருந்தாள். முழங்கை வரைக்கும் சேறு. அவளுக்குப் பின்னால் ஈரக் கற்கள் நீள வரிசையாகக் கிடந்தன.

சொர்ணம் சேலை ஓரத்தை விட்டாள். பூனைக்குட்டிபோல ஒரு முனகல். அப்புறம்தான் அழுகை. அதுவும் பெரிய அழுகை இல்லை. பெரிதாக அழ அவளிடம் தெம்பு இல்லை.

“இதோ வாரேன், தங்கம்!” என்று அங்கிருந்து கத்தினாள் முப்பிடாதி. கையிலிருந்த அச்சை முடித்தாள். குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். சேறு எளிதில் போகவில்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு ஓடி வந்தாள்.

அதற்குள் தூளி அசைவதை நிறுத்திவிட்டது. சொர்ணம் தூங்கியிருந்தாள். வாயோரத்தில் சேலை நுனி இருந்தது.

முப்பிடாதி குனிந்து பார்த்தாள்.

“தூங்கிட்டா. தூங்கட்டும்” என்று சொல்லித் திரும்பினாள்.

“எப்பவும் இப்படித்தானா, தாயி?” என்று கேட்டார் அவர்.

“எப்படிய்யா?”

“முழிக்கா, தேடுதா, தூங்கிருதா.”

“ஆமா. ரொம்பச் சத்தம் போடமாட்டா. நல்ல பிள்ளைய்யா அவ. ஒரு தொந்தரவு கிடையாது.”

சொல்லிவிட்டு முப்பிடாதி வேலைக்குப் போய்விட்டாள். ஆவுடையப்பன் தம்முடைய இரண்டு கைகளையும் பார்த்தார். முப்பத்தெட்டு வருடத்தில் பசித்த ஒரு வாய்க்குப் பக்கத்தில் அந்தக் கைகள் வெறுமனே இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

அன்று முழுவதும் அவர் எழுந்திருக்கவில்லை. சொர்ணம் இன்னும் நாலு தடவை தேடினாள். அதில் ஒரு தடவைதான் அம்மா நேரத்துக்கு வந்து பால் கொடுத்தாள். வெயிலைப் பார்த்துச் சூளை ஆட்கள் பந்திக்குக் கிளம்பிய மத்தியான நேரம், சொர்ணம் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தாள்.

சாயங்காலம் மடத்துக்கு வந்தார். வடிவம்மை பந்தி முடிந்த அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். அடுப்பை மெழுகச் சாணியும் தண்ணீருமாக உட்கார்ந்திருந்தார்.

“என்ன பார்த்தீங்க, அண்ணாச்சி?”

அவர் அடுப்பின் எதிரே குந்தினார்.

“அம்மா, அடுப்பை மெழுகாதீங்க.”

வடிவம்மை கையிலிருந்த சாணியை வாளியிலேயே போட்டுவிட்டார்.

அன்று முதல் அந்த அடுப்பு பகலில் ஒருநாளும் அணையவில்லை. விறகை இழுத்துவிட்டுத் தணலை மட்டும் வைத்திருந்தார். தணல்மேல் ஒரு சின்னப் பானை. அரிசியும் பயறும் குழைய வெந்து, மசித்து, ஒரு சொட்டு நெய் விட்டது. அதிலிருந்து மூடி போட்ட தூக்குச்சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். ஆறிப்போனால் திரும்பி வந்து சூடாக எடுத்துப் போனார். கல் அறுக்கிற வரிசைக்குப் பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுபோய் வைத்தார். குழாயடிக்கு ஓடுகிற நேரம் மிச்சமானது.

மேஸ்திரி அதைப் பார்த்தார். “மணியை நிறுத்தினீரே, அது போதும் வே” என்றார். வாளி தடுக்கிவிடாமல் அதை ஓரமாக நகர்த்தியும் வைத்தார்.

முதல் நாள் காலை. சொர்ணத்தின் கை வாய்க்குப் போனது. ஆவுடையப்பன் கையைக் கழுவித் துடைத்து, சின்னக் கரண்டியின் நுனியில் கொஞ்சம் எடுத்து அவள் உதட்டில் வைத்தார். உதடு யோசித்தது. பிறகு திறந்தது. ஒரு வாய். இரண்டு வாய். மூன்று வாய். நாலாவதுக்கு அவள் முகத்தைத் திருப்பினாள்.

இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சாமல் பந்தியை விட்டு யாரையும் எழும்ப விட்டவர் இல்லை அவர். கை தானாகவே போனது. சொர்ணம் ஒரு தட்டுத் தட்டினாள். கஞ்சி அவர் மூக்கில் தெறித்தது.

“அய்யோ, பரிமாறினவருக்கே பரிமாறிட்டா!” என்று பெண்கள் அச்சை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு தூக்குச்சட்டியை மூடினார். ஒரு மணி நேரம் கழித்து அவள் மறுபடி தேடினாள். அப்போது ஐந்து வாய்.

சில நேரம் தூக்குச்சட்டியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவாள். அவளுக்கு வேண்டியது கஞ்சி இல்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். “முப்பிடாதி, தேடுதா!” என்று குரல் கொடுப்பார். முப்பிடாதி கையை வாளியில் அலம்பிக்கொண்டு பால் கொடுக்க வருவாள்.

பத்து நாளில் எல்லாப் பெண்களுக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. வரிசையில் யார் நிமிர்ந்தாலும் முதலில் தூளிகளைப் பார்த்தார்கள். “ஏட்டி, உன் மவன் தேடுதான்!” “தாத்தா, மூணாவது தூளி தேடுது!” என்று குரல்கள் கேட்டன. பெரியவர் என்றும் தவசிப்பிள்ளை என்றும் கூப்பிட்டவர்கள் எப்போது தாத்தா என்று மாற்றினார்கள் என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த மாதத்து முதல் திங்கட்கிழமை வந்தது. நர்ஸ் தராசைத் தொங்கவிட்டாள். முப்பிடாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆவுடையப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சொர்ணம் தராசுத் தொட்டிலில் உட்கார்ந்து காலை உதைத்தாள். முள் இங்கும் அங்கும் ஆடியது.

“போன மாசம் பொம்மை மாதிரி இருந்தியே. இப்போ சும்மா இருக்க மாட்டேங்கே” என்றாள் நர்ஸ். இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். முள் நின்றது. “ஏழு கிலோ.”

நர்ஸ் போன மாதக் கணக்கைப் பார்த்தாள்.

“ஏறியிருக்கு, முப்பிடாதி. முந்நூறு ஏறியிருக்கு. ஆஸ்பத்திரிக்கு இப்போ வேண்டாம். ஆனா பாதையில பாதிதான் வந்திருக்கு. விட்டுறாதீங்க.”

முப்பிடாதி பிள்ளையை வாங்கி நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“தாத்தா, இன்னைக்கு இவ இங்கயே தூங்கட்டும். வரிசையை முடிச்சிட்டு வாரேன்.”

கூடத்து மூலையில் பாயை விரித்து, தூங்கிப்போன சொர்ணத்தைக் கிடத்திவிட்டு, முப்பிடாதி வேலைக்குப் போனாள்.

ஆவுடையப்பன் குளித்தார். துவைத்த வேட்டி கட்டினார். நெற்றி நிறையத் திருநீறு பூசினார். கூடத்தில் வடிவம்மை உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே போய் நின்றார்.

“எல்லாரும் சாப்பிட்டாச்சும்மா.”

வடிவம்மை இந்தத் தடவை ‘இன்னும் இல்லை’ என்று சொல்லவில்லை.

“உட்காருங்க, அண்ணாச்சி.”

உட்கார்ந்தார். கைகூப்பித் தலையைக் குனிந்துகொண்டார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

வடிவம்மை அவர் பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“கேளுங்க” என்று தொடங்கினார்.

சப், சப்.

மூலையில் பாய்மேல் ஒரு பொத்திய கை வாய்க்குப் போயிருந்தது. அழுகை இல்லை. முனகல்கூட இல்லை.

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். “ஒரு நிமிஷம்மா” என்றார். பாதி தூரம் போனபிறகுதான் அதைச் சொன்னார். சமையலறைக்குள் தூக்குச்சட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. கை கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு மூலையில் பாயருகே அவருடைய குரல், கல்யாண வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு குரல், “வாங்க மகாராணி, ஆ...” என்று சொல்லிக்கொண்டிருந்தது.

வெகு நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது அவருடைய துவைத்த வேட்டியில் கஞ்சி சிந்தியிருந்தது. தோளில் சொர்ணம் இருந்தாள். அவருடைய காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

குருவின் பேச்சை நடுவில் விட்டுவிட்டுப் போயிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“மன்னிச்சிருங்கம்மா. கேளுங்கன்னு ஆரம்பிச்சீங்க. மிச்சத்தைச் சொல்லுங்க.”

வடிவம்மை சொர்ணத்தின் பாதத்தை ஒரு விரலால் தொட்டார்.

“மிச்சம் இல்லை, அண்ணாச்சி. பிள்ளை எத்தனை வாய் வாங்கினா, அதைச் சொல்லுங்க.”